வெயிலில் நிற்கும் மின் வாகனம்: எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம்?

மின் கார், மின் ஸ்கூட்டர் பற்றி நெல்லைச் சீமையிலிருந்து வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு கவலைகளையே சுற்றி வருகின்றன. வண்டியை வெயிலிலும் மழையிலும் வெளியே நிறுத்தலாமா என்பது ஒன்று. அப்படி நிற்கும் வண்டியை எத்தனை ஆண்டு வைத்திருப்பது என்பது மற்றொன்று. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால், ஐந்து கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டு விரிவாகப் பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, சென்ற ஆண்டு மின் கார் ஒன்று வாங்கினேன். எங்களுடையது அப்பா காலத்து வீடு. கார் நிறுத்த இடம் இல்லை. இரவில் தெருவிலும் பகலில் அலுவலக வளாகத்தின் வெட்டவெளியிலும் நிற்கிறது. "வெயில்ல போட்டா பேட்டரி வெந்து போவும்லா, ரெண்டு வருசத்துல வித்துருங்க" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி பார்க்கும்போதெல்லாம் சொல்கிறார். அருகில் ஒரு தகரக் கொட்டகை மாத வாடகை 1,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா?
- வாசகர், பெருமாள்புரம், பாளையங்கோட்டை

பதில்: அண்ணாச்சி சொல்வதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் இரண்டு ஆண்டில் விற்றுவிட வேண்டிய அளவுக்கு அதில் எதுவும் இல்லை.

இந்த அச்சத்துக்கு ஒரு பின்னணி உண்டு. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த நிஸ்ஸான் லீஃப் கார், பேட்டரியைக் குளிர்விக்கத் திரவச் சுற்று எதுவும் இல்லாமல் வந்தது. அமெரிக்காவில் அரிசோனா போன்ற கடும் வெப்பப் பகுதிகளில் அதை வாங்கியவர்கள், ஓரிரு கோடை கழிவதற்குள்ளாகவே ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறைந்துவிட்டதாக 2012-இல் முறையிட்டார்கள். அதன் பிறகே பேட்டரியின் கொள்ளளவுக்கும் அந்நிறுவனம் உத்தரவாதம் தந்தது. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும்படி பேட்டரியின் வேதியியலையும் மாற்றியது. "வெயில் பேட்டரியைத் தின்னும்" என்ற பேச்சுக்கு வலுச் சேர்த்த நிகழ்ச்சிகளுள் அது முக்கியமானது. இன்று நம் ஊரில் விற்கும் கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் திரவக் குளிர்விப்பு உண்டு. பல கார்களில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரி. அது மற்ற வகைகளைவிட வெப்பத்தையும் பலமுறை சார்ஜ் ஏற்றுவதையும் நன்றாகத் தாங்கக்கூடியது.

வெயில் என்னதான் செய்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். பேட்டரியின் உள்ளே கிராஃபைட் தகட்டின் மேல் மிக மெல்லிய படலம் ஒன்று படிகிறது. முதல் சார்ஜிலேயே உருவாகும் அந்தப் படலம் அவசியமானதுதான். அது இல்லையென்றால் உள்ளிருக்கும் கரைசல் தொடர்ந்து சிதைந்துகொண்டே போகும். ஆனால் உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு ஏறுவதுபோல, அந்தப் படலம் ஆண்டுக்கு ஆண்டு தடித்து, தடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் லித்தியத்தைத் தனக்குள் முடக்கிக்கொள்கிறது. முடங்கிய லித்தியம் திரும்ப வராது; ஓடும் தூரம் குறைவது அதனால்தான். வண்டி ஓடாமல் சும்மா நின்றாலும் இது நடக்கும். இதை விரைவுபடுத்துபவை இரண்டு. ஒன்று வெப்பம்: 10 டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மற்றொன்று, பேட்டரி எந்த அளவுக்கு நிரம்பியிருக்கிறது என்பது. முழுதாக நிரம்பிய பேட்டரியில் மின்னழுத்தம் உச்சத்தில் இருப்பதால், அதே வெயிலில் நின்றாலும் பாதி நிரம்பிய பேட்டரியைவிட அது விரைவாகத் தேய்கிறது.

ஆகவே வெயிலை மட்டும் குற்றம் சொல்வதில் பயனில்லை. 100 விழுக்காடு ஏற்றிய காரைக் கொண்டுபோய்ச் சித்திரை மாத மதிய வெயிலில் மாலை வரை அசையாமல் நிறுத்துவதும், அதையே நாள்தோறும் செய்வதும்தான் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். 60 விழுக்காட்டோடு அதே இடத்தில் நிற்கும் கார், வெயிலைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காரின் பேட்டரி, இருக்கைகளுக்குக் கீழே, தளத்தோடு ஒட்டிய கனத்த பெட்டி. அதன் எடை சில நூறு கிலோ. வெளியே 38 டிகிரி இருக்கும்போது, கண்ணாடி ஏற்றிய காரின் உட்புறம் ஒரு மணி நேரத்துக்குள் 60 டிகிரியை நெருங்கிவிடும். ஸ்டியரிங்கைத் தொட்டால் கை சுடும். ஆனால் அவ்வளவு கனமான பேட்டரி அத்தனை விரைவில் சூடேறாது. ஏறிய சூடும் இரவுக் காற்றில் இறங்கும். பகல் உச்சத்தைவிட, பகலும் இரவும் கலந்த சராசரி வெப்பத்தையே அது பெரும்பாலும் உணர்கிறது. அதனால் இரவில் உங்கள் கார் தெருவில், திறந்த வானத்தின் கீழ் நிற்பது ஒரு குறையே அல்ல. பேட்டரியின் பக்கமிருந்து பார்த்தால் அது நல்லதுகூட. கீழிருந்து வரும் சூட்டைத்தான் கவனிக்க வேண்டும். தார் போட்ட தரையைவிட மண் தரையிலோ, புல் முளைத்த ஓரத்திலோ நிறுத்த இடம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தகரக் கொட்டகைக்கு வருகிறேன். மாதம் 1,500 என்றால் ஆண்டுக்கு 18,000. எட்டு ஆண்டில் 1,44,000 ரூபாய். மூன்று பக்கமும் அடைத்த தகரக் கொட்டகைக்குள் மதியம் ஒரு மணிக்கு ஒரு முறை நின்று பாருங்கள். தலைக்கு மேல் தகரம் அனல் கக்க, காற்று நகராமல், வெளியைவிட உள்ளே புழுக்கம் கூடுதலாக இருப்பதை உணர்வீர்கள். பேட்டரிக்காக அந்தப் பணத்தைச் செலவிட வேண்டாம் என்பதே என் கருத்து. நான்கு பக்கமும் திறந்து, கூரை உயரமாக இருந்தால் அது வேறு. அலுவலகத்தில் அனுமதி கிடைக்குமானால், தோட்டங்களுக்குப் போடும் பச்சை நிழல்வலையை நான்கு கம்பங்களில் உயரமாகக் கட்டினாலே போதுமானது. காற்று தடையின்றிப் போய்வரும். பிளாஸ்டிக் தார்ப்பாயை மட்டும் காரின் மேல் நேராகப் போர்த்தாதீர்கள். அது சூட்டையும் ஈரத்தையும் அடைத்து வைக்கும். ஆடிக் காற்றில் அடித்து அடித்துப் பெயிண்டையும் உரசிவிடும்.

மர நிழல் எல்லாவற்றிலும் சிறந்தது. ஆனாலும் மரம் பார்த்து நிறுத்த வேண்டும். தென்னைக்குக் கீழே நிறுத்தவே கூடாது; மட்டை விழுந்தாலும் தேங்காய் விழுந்தாலும் முன்கண்ணாடி போய்விடும். வேம்பும் பூவரசும் நல்ல நிழல். வேப்பம்பிசினையும் பறவை எச்சத்தையும் அன்றன்றே ஈரத் துணியால் துடைத்துவிட்டால் பெயிண்ட் தப்பும். புளியமரத்தின் கிளை காற்று மாதங்களில் முறியக்கூடும் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இனிச் சார்ஜ் ஏற்றும் முறை. அலுவலகத்திலிருந்து வந்து நிறுத்தியவுடன் ஏற்றாதீர்கள். தரையும் பேட்டரியும் ஆறட்டும். இரவு பத்து, பதினொரு மணிக்கு மேல் தொடங்கி விடியற்காலையில் முடியும்படி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் 80 விழுக்காடு போதும். இரும்பு பாஸ்பேட் வகையாக இருந்தால், கையேட்டில் சொல்லியிருக்கும் இடைவெளியில் ஒரு முறை 100 வரை ஏற்ற வேண்டியிருக்கும். அந்த வகையில் மின்னழுத்தம் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால், எவ்வளவு மீதம் இருக்கிறது என்பதைச் சரியாகக் கணிக்க வண்டிக்கே அது தேவைப்படுகிறது. அப்படி முழுதாக ஏற்றிய காலையில் காரைக் குற்றாலத்துக்கோ பாபநாசத்துக்கோ எடுத்துச் செல்லுங்கள்; ஏற்றிய கையோடு வெயிலில் நிறுத்தி வைக்காதீர்கள்.

வெளியே நிற்கும் காரில் பேட்டரிக்கு முன்னதாகவே தேய்பவை ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். துடைப்பான் ரப்பர், கதவு ரப்பர், சார்ஜ் துவாரத்து மூடியின் ரப்பர் வளையம், டயரின் பக்கவாட்டு ஆகியவற்றை ஆறு மாதத்துக்கு ஒரு முறை பாருங்கள். முன்கண்ணாடிக்கு உள்ளே வெயில் மறைப்பு ஒன்றை விரித்து வைப்பது சிறு செலவில் பெரிய பயன் தரும்.

எத்தனை ஆண்டு வைத்திருக்கலாம் என்பதற்கு: கார்களின் பேட்டரிக்குப் பரவலாகத் தரப்படும் உத்தரவாதம் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், இதில் எது முந்துகிறதோ அது. மேலே சொன்ன வழக்கங்களைக் கடைப்பிடித்தால் அந்தக் காலம் முழுவதும், அதற்குப் பிறகும் தாராளமாக வைத்திருக்கலாம். அண்ணாச்சியிடம் இதைச் சொல்லுங்கள். அவர் அக்கறையில்தான் சொல்கிறார்.

கேள்வி: மகனைப் பார்க்க மூன்று மாதம் வெளிநாடு செல்கிறோம். மின் கார் வீட்டு முற்றத்தில் திறந்தவெளியில் நிற்கும். சார்ஜரில் மாட்டியே வைத்துவிட்டுப் போகலாமா?
- வாசகி, கல்லிடைக்குறிச்சி

பதில்: வேண்டாம் அம்மா. 50 விழுக்காடு அளவில் வைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டுப் போங்கள். பெரிய பேட்டரி மூன்று மாதத்தில் சிறிதளவே இறங்கும். உங்களுக்குச் சிக்கல் தரக்கூடியது, கதவுப் பூட்டுக்கும் விளக்குக்கும் மின்சாரம் தரும் சிறிய 12 வோல்ட் பேட்டரிதான். அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் பாதிச் சார்ஜ் இருந்தும் கார் கண் திறக்காது. நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காரை இயக்கி, அரை மணி நேரம் தெருவில் ஓட்டி நிறுத்தச் சொல்லுங்கள். டயர் ஒரே இடத்தில் அழுந்திக் கிடப்பதும் தவிர்க்கப்படும். தேங்காய் மூட்டையோ நெல் மூட்டையோ அடுக்கிய இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தாதீர்கள். எலி வந்தால் கம்பியைக் கடிக்கும். ஆரஞ்சு நிறத்தில் ஓடும் உயர் மின்னழுத்தக் கம்பியை அது கடித்து வைத்தால் செலவு பெரிதாகும்.

கேள்வி: கடற்கரைக்கு அருகில் எங்கள் கடை. மின் ஸ்கூட்டரைக் கடை வாசலில் திறந்த இடத்தில் நிறுத்தி அங்கேயே சார்ஜ் ஏற்றுகிறோம். புதிதாக வாங்கிய காருடன் வந்த சார்ஜரோ சிவப்பு விளக்கு எரிந்து, ஏற்ற மறுக்கிறது. மின்வேலை செய்பவர் சாக்கெட்டுக்குள் ஒரு சிறு கம்பி போட்டுச் சரிசெய்வதாகச் சொல்கிறார். மழையில் ஏற்றலாமா என்பதையும் சொல்லுங்கள்.
- வாசகர், உவரி

பதில்: அந்தக் கம்பியைப் போட விடாதீர்கள். இந்தப் பத்தியில் நான் எழுதும் எல்லாவற்றிலும் முதன்மையானது இதுதான்.

சிவப்பு விளக்கு எரிவதற்குப் பெரும்பாலும் காரணம், உங்கள் சாக்கெட்டில் எர்த் இணைப்பு இல்லாததோ பலவீனமாக இருப்பதோதான். அவர் போட நினைக்கும் கம்பி, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரலையும் எர்த்தையும் சாக்கெட்டுக்குள்ளேயே இணைத்துவிடும். சார்ஜர் ஏமாந்து பச்சை விளக்கு காட்டும். கார் ஏறவும் செய்யும். ஆனால் காற்றடிக்கும் ஓர் இரவில் கம்பத்திலிருந்து வரும் நியூட்ரல் கம்பி அறுந்தால், அல்லது வீட்டுக்குள் ஓரிடத்தில் தளர்ந்தால், காரின் உலோக உடல் முழுவதும் 230 வோல்ட் நிற்கும். மழை ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கும் பிள்ளை கதவில் கை வைத்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சார்ஜர் மறுப்பது அதன் கோளாறு அல்ல. அது உங்களைக் காக்கிறது.

உங்கள் பகுதி மண்ணில் நல்ல எர்த் கிடைப்பது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். திசையன்விளை சுற்றுவட்டாரத்துத் தேரிச் செம்மணலில் ஈரம் நிற்காது; காய்ந்த மணலில் இரண்டடிக்கு ஒரு கம்பி அடித்துவிட்டு எர்த் என்று சொன்னால் அது பெயரளவுக்குத்தான். ஈரமண் தட்டும் ஆழத்துக்குக் குழி தோண்டி, குழாயோ தகடோ இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி, கோடையில் வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றும் பழைய முறை இன்றைக்கும் பயன் தருகிறது. கரி உப்புக்குப் பதிலாக ஈரத்தைப் பிடித்து வைக்கும் ஆயத்தக் கலவைகளும் கடைகளில் விற்கின்றன. வேலை முடிந்ததும் எர்த்தின் தரத்தைக் கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். அதோடு அந்த இணைப்புக்கென்றே 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். காரின் 3.3 கிலோவாட் சார்ஜர் பல மணி நேரம் தொடர்ந்து ஏறத்தாழ 14 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் சாக்கெட்டும் 4 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும் வேண்டும். மிக்சிக்கு வாங்கிய நீட்டிப்புப் பெட்டியில் மாட்டினால் பிளக் உருகும். ஏற்றத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கின் மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருக்கலாம், சுடக் கூடாது.

மழை பற்றி: வாகனத்தில் செருகும் துப்பாக்கி போன்ற முனை மழைத் தூறலைத் தாங்கும்படி செய்யப்பட்டது. சுவரில் இருக்கும் சாதாரண சாக்கெட் அப்படி அல்ல. சாக்கெட்டும் சார்ஜர் பெட்டியும் கூரைக்குக் கீழே, இடுப்பளவு உயரத்தில், மூடியோடு இருக்க வேண்டும். ஸ்கூட்டருடன் தரும் சார்ஜர் பெட்டியைத் தரையில் வைத்து ஏற்றும் வழக்கம் பல கடை வாசல்களில் இருக்கிறது. வாசல் தெளித்த தண்ணீர் போதும் அதைக் கெடுக்க. ஓலைப் பந்தலின் கீழ் நிறுத்துவது குளிர்ச்சிதான், ஆனால் அதன் கீழ் சார்ஜ் ஏற்றாதீர்கள்.

உப்புக் காற்றுக்கு வாரம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் வண்டியைத் துடையுங்கள். வேகமாகப் பீய்ச்சும் குழாயை இணைப்புகளின் மேல் காட்டாதீர்கள். சார்ஜ் முனையின் செப்புக் கம்பிகளில் பச்சைக் களிம்பு பூத்திருந்தால் உப்புத் தாள் வைத்துத் தேய்க்காமல் சேவை மையத்தில் காட்டுங்கள். மேற்பூச்சு போய்விட்டால் களிம்பு இன்னும் விரைவாகத் திரும்ப வரும்.

கேள்வி: 2023 வெள்ளத்தில் எங்கள் தெருவில் நின்ற பல வண்டிகள் மூழ்கின. இப்போது மின் ஸ்கூட்டர் வைத்திருக்கிறோம். ஐ.பி.67 என்று போட்டிருக்கிறது; தண்ணீரில் நின்றாலும் ஒன்றும் ஆகாது என்று கடையில் சொன்னார்கள். நம்பலாமா?
- வாசகர், சிந்துபூந்துறை

பதில்: அந்த எண்ணுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் பேட்டரிப் பெட்டிக்குள் நீர் புகாது என்பதே அதன் பொருள். அதுவும் புதிதாக இருக்கும்போது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரை மீறியபோது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தபோது, தெருக்களில் நின்றது சாக்கடையும் சேறும் கலந்த தண்ணீர். வடிய அரை மணி நேரம் அல்ல, நாள் கணக்கானது. அந்த நிலைமைக்கு எந்த ஐ.பி. எண்ணும் உறுதி தராது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அணை திறப்பு பற்றிய எச்சரிக்கை வந்ததும் வண்டியை மேட்டுக்கு ஏற்றிவிடுங்கள். இயலாதபோது குறைந்தது சார்ஜரையாவது கழற்றி மாடியில் வையுங்கள். ஒருவேளை வண்டி மூழ்கிவிட்டால், தண்ணீர் வடிந்ததும் சாவியைப் போட்டுப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். இயக்காமல், சார்ஜில் மாட்டாமல், வீட்டுச் சுவரிலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 50 அடி தள்ளித் திறந்தவெளியில் தள்ளி நிறுத்தி, படம் எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டு, மினி லாரியில் ஏற்றித்தான் சேவை மையத்துக்கு அனுப்ப வேண்டும். உள்ளே புகுந்த ஈரம் நாள்கள் கழித்தும் தீயை மூட்டலாம். 2022-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயன் புயலில் கடல்நீரில் மூழ்கிய மின் கார்கள் சில அப்படித்தான் பிற்பாடு எரிந்தன. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு ஒரு பைசாவும் வராது. முழுக் காப்பீடு எடுத்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. நான்கு ஆண்டுக்கு முன் மின் ஸ்கூட்டர் வாங்கினேன். நாள்தோறும் திருநெல்வேலி சென்று திரும்ப 40 கிலோமீட்டர். பள்ளியில் நிழல் இல்லை, வெயிலில்தான் நிற்கும். வாங்கியபோது ஒரு சார்ஜில் 95 கிலோமீட்டர் வந்தது. இப்போது 78 வருகிறது. உத்தரவாதம் முடிந்துவிட்டது. இப்போதே விற்றுவிடுவதா, பேட்டரி மாற்றுவதா, அப்படியே ஓட்டுவதா?
- வாசகி, சேரன்மகாதேவி

பதில்: அப்படியே ஓட்டுங்கள். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

ஆண்டுக்கு 300 நாள், நாளுக்கு 40 கிலோமீட்டர் என்றால் நான்கு ஆண்டில் 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறீர்கள். முழுச் சார்ஜ் கணக்கில் அது ஏறத்தாழ 500 தடவை. அத்தனைக்குப் பிறகும், வெயிலில் நின்றும், 82 விழுக்காடு மீதம் இருக்கிறது என்றால் உங்கள் பேட்டரி நல்ல நிலையில்தான் இருக்கிறது. வண்டியின் ஆயுளை அதன் வயதை வைத்துக் கணிக்க வேண்டாம். உங்கள் அன்றாடத் தேவையை வைத்துக் கணியுங்கள். தேவை 40. கடைசி 20 விழுக்காட்டைத் தொடாமல் வைப்பது நல்லது என்பதால், ஒரு சார்ஜில் 50 கிலோமீட்டர் வரும் வரை அந்த வண்டி உங்களுக்கு உதவும். மழைநாளுக்கும் எதிர்காற்றுக்கும் ஐந்து கூட்டி 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை ஆண்டுக்கு நான்கேகால் கிலோமீட்டர் வீதம் குறைந்திருக்கிறது. அதே வேகத்தில் போனால் 78 என்பது 55 ஆவதற்கு இன்னும் ஐந்து ஆண்டு இருக்கிறது. முதுமையில் பேட்டரி திடீரென்று சரிவதும் உண்டு என்பதால் நான் அதை மூன்று, நான்கு ஆண்டு என்றே எடுத்துக்கொள்வேன்.

விற்பதாக இருந்தால் உத்தரவாதம் ஓராண்டாவது மீதம் இருக்கும்போது விற்றிருக்க வேண்டும். அது முடிந்த மறுமாதம் விலை சரிகிறது, வண்டியோ நன்றாக ஓடுகிறது. விற்பவருக்கு இதைவிட நட்டமான நேரம் வேறில்லை.

பேட்டரி மாற்றவும் அவசரம் வேண்டாம். உலகச் சந்தையில் ஒரு கிலோவாட்மணி, அதாவது ஒரு யூனிட் மின்சாரம், தேக்கும் பேட்டரியின் சராசரி விலை 2010-இல் 1,000 டாலருக்கும் மேல் இருந்து 2024-இல் 115 டாலராக இறங்கியிருக்கிறது. உதிரியாக வாங்கும்போது நிறுவனங்கள் அந்த விலைக்குத் தருவதில்லை என்றாலும், காத்திருப்பவருக்கு நட்டம் இல்லை. இப்போதே ஒன்று வாங்கி வீட்டில் பத்திரப்படுத்தவும் வேண்டாம். அலமாரியில் இருந்தாலும் பேட்டரிக்கு வயதாகும்.

தூரம் குறைந்தால் பழி முழுவதும் பேட்டரியின் மேல் விழுவதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். என் ஸ்கூட்டர் ஒரு கோடையில் ஒரு சார்ஜுக்குப் பதினைந்து கிலோமீட்டர் குறைவாக ஓடியது. சேவை மையம் ஒன்றில் பேட்டரியையே மாற்றச் சொன்னார்கள். மனம் கேட்காமல், தெருமுனையில் பஞ்சர் பார்க்கும் தம்பியிடம் காட்டினேன். அவர் வண்டியை நடுத் தாங்கியில் தூக்கி நிறுத்திப் பின்சக்கரத்தைக் கையால் சுழற்றினார். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. பிரேக் கட்டை விடாமல் உரசிக்கொண்டிருந்தது. டயரில் காற்றும் பாதிதான். இரண்டையும் சரிசெய்த பிறகு பழைய தூரம் ஏறக்குறைய முழுவதும் திரும்ப வந்தது. நீங்களும் முதலில் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள். அதன் பிறகு சேவை மையத்தில் எஸ்.ஓ.எச். என்னும் பேட்டரி நலக் கணக்கை அச்சிட்டுத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

பள்ளியில் நிழல் இல்லாதது உங்களுக்குக் கார்க்காரர்களைவிடப் பெரிய குறை. ஸ்கூட்டரின் பேட்டரி சிறியது. இருக்கைக்கோ கால் தளத்துக்கோ கீழேயே இருப்பதால் இரண்டு மணி நேர வெயிலில் சூடேறிவிடும். காலையில் 100 விழுக்காட்டோடு கிளம்பாதீர்கள். உங்கள் பயணத்துக்கு 80 விழுக்காடே போதும், மிச்சமும் இருக்கும். பள்ளிச் சுவரின் கிழக்குப் பக்கத்தில் நிறுத்தினால் மதியத்துக்கு மேல் சுவரின் நிழல் விழும். பழைய வெள்ளை வேட்டி ஒன்றை நான்காக மடித்து இருக்கையின் மேலும் கால் தளத்தின் மேலும் விரித்துக் கட்டிவிடுங்கள்; எளியதுதான், ஆனால் நேர் வெயிலைத் தடுக்கும். வீடு திரும்பியதும் கால் தளத்தில் உள்ளங்கையை வையுங்கள். பத்து எண்ணும் வரை வைத்திருக்க முடியாத சூடு என்றால் இரவுச் சாப்பாடு முடியும் வரை சார்ஜரைத் தொடாதீர்கள். லித்தியம் செல்களுக்குச் சார்ஜ் ஏற்றும்போது பொதுவாக விதிக்கப்படும் வெப்ப எல்லை 45 டிகிரி. சித்திரை, வைகாசியில் மதியம் வெயிலில் நின்ற ஸ்கூட்டர் அந்த எல்லையை எளிதில் நெருங்கும்.

சட்டம் உங்களை அவசரப்படுத்தவில்லை. சொந்த வாகனத்துக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதற்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். மின் வாகனங்களுக்குப் பதிவுச் சான்று வழங்கவும் புதுப்பிக்கவும் கட்டணம் இல்லை என்று மத்திய அரசு 2021 ஆகஸ்டில் அறிவித்தது. உங்கள் வண்டி, பேட்டரிப் பாதுகாப்பு விதிகள் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டங்களாகக் கடுமையாக்கப்படுவதற்கு முன் செய்யப்பட்டதாக இருக்கக்கூடும். அப்படியானால் படுக்கையறை, மாடிப்படியின் அடி, வெளியேறும் ஒரே வாசல் ஆகிய இடங்களில் அதை வைத்துச் சார்ஜ் ஏற்றாமல் முற்றத்திலேயே ஏற்றுங்கள். பேட்டரிப் பகுதி உப்பியிருந்தாலோ, வினோதமான இனிப்பு வாடை வந்தாலோ, ஏற்றும்போது வழக்கத்துக்கு மீறிச் சுட்டாலோ, ஓடும் தூரம் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை, டயரில் காற்றைச் சரிபார்த்து, அதே சாலையில் அதே வேகத்தில் ஓட்டி, 80 விழுக்காடு 30 ஆக இறங்குவதற்குள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். 80-லிருந்து 30 என்பது பாதிச் சார்ஜ்; அதனால் அந்தக் கணக்கு, முன்பு சொன்ன 55-இல் ஏறத்தாழப் பாதியான 28-க்குக் கீழே வரும் மாதத்தில் பேட்டரி விலையை விசாரிக்கத் தொடங்கினால் போதும். பழைய பேட்டரியைப் பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டியது தயாரிப்பாளரின் பொறுப்பு. புதியது வாங்கும்போதே பழையதை ஒப்படைத்து, அதற்கான விலையையும் கேட்டு வாங்குங்கள்.